பாரம் உண்டு என்று கை தூக்கினவர்

கிடங்குத் தெருவில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரெண்டுமூட்டை என்று கேட்டால் கடைக்குக் கடை கை நீட்டி வழி காட்டுவார்கள். ஐம்பது கிலோ மூட்டையை மற்றவர்கள் ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டிருந்தபோது, இவர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை ஏற்றிக்கொண்டு, லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் ஆடாமல் அசையாமல் ஏறிப் போவார். ஒரு நாள், இரண்டு நாள் காட்டின வித்தை இல்லை; இருபத்திரண்டு வருஷம். படிப்பு நாலாம் வகுப்பில் பாதி. பதினாறு வயதில் கட்டின துணியோடு அந்தத் தெருவுக்கு வந்தவர், முப்பத்தெட்டு வயதில் பதினெட்டு ஆள் கொண்ட செட்டுக்கு மேஸ்திரி. சொந்தமாக இரண்டு அறை வீடு, வெள்ளையடித்த சுவர், கதவுக்கு நல்ல பூட்டு. பட்டம் வாங்கினவர்களில் எத்தனை பேர் அப்போது வாடகை வீட்டில், ஒழுகுகிற கூரைக்கு அடியில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் தெரியும் அவர் சாதித்தது என்னவென்று.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு சபைக்குப் போவார். கடைசி பெஞ்சு, சுவர் ஓரம், அதுதான் அவருடைய இடம். உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தால் பிரசங்கம் முடியும்வரை தூக்கம். மனைவி முதல் ஒரு வருஷம் முழங்கையால் இடித்துப் பார்த்தாள். பிறகு, குறட்டை விடாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். அதனால் ஏழு வருஷம் போய்வந்தும் சபையில் பேசுகிற தமிழ் அவர் காதுக்குள் இறங்கவில்லை. அந்தத் தமிழில் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. வந்த வினை அங்கேதான்.

அந்த வருஷம் கோடையில் கிடங்குக்குக் கூரை மாற்றுகிறோம் என்று இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். வேலை இல்லாமல் உட்கார்ந்தால் அவருக்கு உடம்பு நோகும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரைத் தூக்கத்தில் போதகரின் அறிவிப்பு காதில் விழுந்தது. கடற்கரை என்றார், இரண்டு மாதம் என்றார், கல்லூரி மாணவர்கள் என்றார், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்றார். "பாரம் உள்ளவங்க கை தூக்குங்க" என்று முடித்தார். இவர் கண்ணைத் திறந்தார். பாரம் தூக்க ஆள் கேட்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் பெட்டி படுக்கையாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். கை தூக்கினார். சபை முழுவதிலும் தூக்கின கை அது ஒன்றுதான்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி வேலைக்கு ஆள் எடுக்கிறவரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இந்தப் பாரம் உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?"

"பதினாறு வயசுல இருந்து இருக்கு பாஸ்டர்."

"வீட்டுல தெரியுமா?"

"சொல்லித்தான் பொண்ணே கேட்டேன்."

"இவ்வளவு வருஷம் எப்படித் தாங்குனீங்க?"

"பழகிடுச்சு. முழங்கால்தான் கொஞ்சம் தேஞ்சு போச்சு."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முழங்காலில் நின்று ஜெபித்து ஜெபித்து முழங்கால் தேய்ந்த ஒரு மனிதர், தன் சபையிலேயே, அதுவும் கடைசி பெஞ்சில் இருந்திருக்கிறார், தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டார். அடுத்த ஞாயிறு ரெண்டுமூட்டையை முன்னால் அழைத்து, தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். லோடு பெரிசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் இவர்.

மனைவி தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். அவள் தம்பி ஓர் ஆபீசில் குமாஸ்தா. பேண்ட் மடிப்புக் கலையாமல் நடக்கிறவன். செய்தி கேட்டு வந்து, "மாமா, ஊழியத்துக்குப் போறீங்களாம். காலேஜ் பசங்களைத் தூக்கி லாரில அடுக்கப் போறீங்களா?" என்றான்.

"ஊழியம்னா வேலைதானே மாப்ள. உன் ஆபீஸ் வாசல்லகூட ஊழியர் தவிர யாரும் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு. உன்னையே விடறாங்கள்ல" என்றார் இவர். அக்காவே சிரித்துவிட்டதால் தம்பி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மூட்டை குத்தித் தூக்குகிற இரும்புக் கொக்கி, தலைக்குச் சும்மாடு கட்டுகிற தடித்த துணி, மாற்று உடுப்பு இரண்டு. இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் கடற்கரைக்குப் போய் இறங்கினார். கோடை விடுமுறைக்கு மூடின ஒரு பள்ளிக்கூடத்தை ஊழியத்துக்காக எடுத்திருந்தார்கள். வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தது. கரும்பலகையில் யாரோ விட்டுப்போன கழித்தல் கணக்கு அழியாமல் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல், மூடினால் உப்புப் புழுக்கம். வாசலில் ஓர் இளம்பெண் கையில் பட்டியலோடு நின்றாள். மாணவர் ஊழியத்துக்கென்றே வேலையை விட்டு வந்தவள். எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். இவர் தங்கச்சி என்றார். என்றதும் நேரே வேலை விஷயத்துக்கு வந்தார்.

"பாரத்தையெல்லாம் எங்க இறக்கி வச்சிருக்கீங்க தங்கச்சி?"

"எல்லாத்தையும் அவர் பாதத்துலதான் அண்ணா இறக்கி வச்சிருக்கோம்."

"அவர்னா, இங்க மேஸ்திரியா?"

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்படியும் சொல்லலாம் அண்ணா" என்று பரவசமாகச் சொன்னாள். என்ன அழகாகப் பேசுகிறார் என்று உள்ளே போய் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். இவர் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கம், மொட்டை மாடி, சமையலறை, எங்கேயும் ஒரு பெட்டிகூட இல்லை.

சாயங்காலம் விஷயம் வெளியாயிற்று. ஊழியர்கள் இவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். மற்ற எல்லோரும் பட்டதாரிகள். தலைவர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. வட்டமாக உட்காரவைத்து, மாணவர்கள்மேல் பாரம் எப்படி வந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொன்னார். ஒருவர் ஜெபத்தில் அழுததைச் சொன்னார். அக்கா, விடுதியில் தனியாக இருந்த ஒரு தோழியை நினைத்துத் தூக்கம் வராமல் போனதைச் சொன்னாள். மூன்றாவது ஆள் பேசி முடிக்கும்போது, பாரம் என்று இவர்கள் சொல்வது பிறருக்காக மனசில் சுமக்கிற கவலையை என்பது இவருக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை புரிந்துவிட்டது. முறை வந்ததும் எழுந்து நின்றார்.

"நான் மூட்டை தூக்குறவன். பாரம்னா மூட்டைன்னு நெனச்சு வந்துட்டேன்."

ஒருவர் சிரித்தார்; அப்புறம் வட்டமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. இவரும் சேர்ந்து சிரித்தார். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பேராசிரியர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இங்கே ஒவ்வோர் ஊழியரும் ஒரு மாணவர் குழுவை ஏற்று, தினமும் காலையில் வேதப்பாடம் நடத்த வேண்டும். வாசிக்கவே தடுமாறுகிறவருக்கு அது ஆகாத காரியம். தப்பு அவர்மேல் இல்லை. மதியம் பஸ் இருக்கிறது என்றார்.

ரெண்டுமூட்டை அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்தது. அதில் அவருடைய சொந்தப் பெயர், இரண்டு இனிஷியலோடு, பக்கத்தில் ஊழியர் என்று எழுதியிருந்தது. அவர் பெயரைக் காகிதத்தில் எழுதியவர்கள் எல்லோரும் அதுவரை பக்கத்தில் மூட்டைக் கணக்கைத்தான் எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் இருந்து பெயரை அடித்துவிட்டால் வீட்டுக்குப் போய் மனைவி முகத்தை எப்படிப் பார்ப்பது? தலைமேல் கை வைத்தவரிடம் என்ன சொல்வது? அதைவிட, திரும்பிப் போவது என்பது அவர் உடம்புக்கே தெரியாத வேலை. பாதிப் பலகையில் மூட்டையைப் போட்டுவிட்டு இறங்கினவர் அல்ல அவர்.

"கையத் தூக்குனது தூக்குனதுதான் ஐயா. தப்பாத் தூக்குனேன், ஆனா தூக்கிட்டேன்" என்றார்.

அக்காவும் வந்து பரிந்து பேசினாள். பேராசிரியர் ஒரு பேனாவை எடுத்தார், மூடினார், வேறு பேனாவை எடுத்தார். கடைசியில், பத்தாம் நாள் தலைமை இடத்திலிருந்து கமிட்டி வருகிறது, அதற்குள் நாலே நாலு மாணவர்களை ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டால் இருக்கலாம், இல்லையென்றால் பதினோராம் நாள் பஸ் என்று தீர்ப்பானது.

மாணவர்கள் எங்கோ இல்லை, அடுத்த வளாகத்தில்தான் இருந்தார்கள். கப்பல் பயிற்சிக் கல்லூரி. மற்ற கல்லூரியெல்லாம் விடுமுறை. இவர்களுக்கு மட்டும் கடலில் பயிற்சி என்று விடுதியில் நிறுத்தியிருந்தார்கள். மேல் பிளாக், கீழ் பிளாக் என்று இரண்டு கட்டடம், நூற்றெண்பது பையன்கள், செய்வதற்கு ஒன்றும் இல்லாத சாயங்காலங்கள். பேராசிரியர் கடற்கரையில் பந்தல் போட்டுத் தினமும் பாட்டும் பேச்சும் நடத்தினார். பையன்கள் சுற்றுச்சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து விசிலடிப்பார்கள். கீழே இறங்கி வந்தவர்கள் ஒரு நாள் ஐந்து பேர், ஒரு நாள் மூன்று பேர்.

எட்டு நாள் ரெண்டுமூட்டை மற்றவர்கள் செய்ததையே செய்து பார்த்தார். துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு சுவருக்கு அடியில் போய் நின்று, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார். இளைப்பாறுதல் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நீளமான சொல், அவர் அதை நடுவில் உடைத்துவிட்டார். "இளைப்பு... ஆறுதல்."

சுவர்மேல் எல்லோரிலும் உயரமாக ஒரு பையன் இருந்தான். நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் குனிந்து, "இளைப்புக்கு மருந்து விக்கிறீங்களாண்ணே? எங்க வார்டனுக்கு ஒரு பாட்டில் வேணும். ராத்திரியெல்லாம் இழுக்குது" என்றான்.

நூறு பையன்கள் சிரித்தால் அது அலையைவிடப் பெரிய சத்தம். அன்று முதல் அவர் தலை தெரிந்தால் சுவர்மேல் இருமல் கிளம்பும். அக்கா சில வாக்கியங்களை மனப்பாடம் செய்யவைத்துப் பார்த்தாள். வாக்கியம் மனசில் நின்றது, நாக்கில் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் முடிந்தபோது அவர் குழுவில் பூஜ்யம்.

பத்தாம் நாள் மதியம் பேராசிரியர் வந்தார். அன்று சாயங்காலம் கமிட்டி முன்னிலையில் சிறப்புக் கூட்டம். வாடகை நாற்காலிக்காரர் கையை விரித்துவிட்டார். பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் நாற்பதையும் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். மணலில் வண்டி இறங்காது. சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டே, "நீங்க வந்த வேலையும் இதுதானே" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும், இன்னொருவராக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிருப்பார். தன்னை அனுப்பிவைக்கப் போகிற கூட்டத்துக்குத் தானே பெஞ்சு சுமக்க வேண்டும். ரெண்டுமூட்டை பெஞ்சுகளைப் போய்ப் பார்த்தார். பழைய கட்டை, நாலு பேர் உட்காருகிற நீளம், ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்கத் திணறுகிற கனம். கையால் தட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. துணைக்கு ஆள் வேண்டுமா என்று பேராசிரியர் கேட்டார். வேண்டாம் ஐயா, ஆள் இருக்கு என்றார்.

சும்மாடு கட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெஞ்சைத் தலையில் ஏற்றச் சொன்னார். மூன்று பட்டதாரிகள் சேர்ந்து ஏற்றினார்கள். நேராக விடுதிச் சுவர் ஓரமாகவே நடந்து, நெட்டையின் காலுக்குக் கீழே போய் நின்றார். மேலே இருமல் தொடங்கி, பெஞ்சுகளைப் பார்த்துப் பாதியில் நின்றது.

"இறக்கணும் தம்பி. ஒரு கை புடிங்க" என்றார்.

கேட்கிற விதத்தில் கேட்டால் மறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. தலையில் சுமையோடு நிற்கிறவன் இறக்கக் கை கேட்டால், எந்த வேலைக்காரனும் எந்த ஊரிலும் முடியாது என்று சொல்லமாட்டான். நெட்டை குதித்தான், பின்னால் மூன்று பேர் குதித்தார்கள். மேல் பெஞ்சைப் பிடித்த கையோடு நெட்டையின் முகம் மாறிவிட்டது. "இதுல ரெண்டா தூக்கிட்டு வந்தீங்க?"

"இன்னும் முப்பத்தெட்டு இருக்கு. பாக்கறதுக்கு நீங்கள்லாம் நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா கீழ் பிளாக்காமே. கீழ் பிளாக் ஆளுங்களால இது ஆகாது. மேல் பிளாக்ல யாராவது இருந்தா கூப்பிடுங்க."

நெட்டை கீழ் பிளாக். அதை அவர் எட்டு நாளாகப் பார்த்து வைத்திருந்தார். அதற்கப்புறம் அவர் ஒன்றும் செய்யவில்லை, வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கினார். கீழ் பிளாக் ஒரு பெஞ்சைத் தூக்கியது. மேல் பிளாக் சுவரில் இருந்து இறங்கி இரண்டைத் தூக்கியது. பெஞ்சுக்கு நாலு பேர், முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவன் இடிக்க, மணலில் விழுந்து எழுந்து, ஒரு பிளாக் இன்னொரு பிளாக்கின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு ஓடியது. முக்கால் மணி நேரத்தில் நாற்பது பெஞ்சும் பந்தலுக்குள் வரிசையாக நின்றன. யார் ஜெயித்தது என்று கடைசிவரை தகராறு தீரவில்லை.

இனிமேல்தான் விஷயம். எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராதது. கிடங்கில் டீ வந்ததும் சுமைக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்? ஒவ்வொருவனும் தான் தூக்கி வந்த மூட்டைமேல்தான். பக்கத்து மூட்டை காலியாக இருந்தாலும் அதில் உட்காரமாட்டான், தன்னுடையதில் இன்னொருவனை உட்காரவிடவும் மாட்டான். இருபத்திரண்டு வருஷம் பார்த்த பாடம் அது. பையன்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு ஒருவன் தன் பெஞ்சில் உட்கார்ந்தான். அடுத்தவன் அவன் பெஞ்சில். பத்து நிமிஷத்தில் நூற்றைம்பது பேர் பந்தலுக்குள், எழுந்தால் இடம் போய்விடும் என்று அழுத்தி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பெரிய கெட்டிலோடு டீயைக் கொண்டுவந்து ஊற்றினாள். அதுவும் ரெண்டுமூட்டை முன்கூட்டியே சொல்லி வைத்ததுதான்.

கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் காரில் இருந்து இறங்கி வந்து பந்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். மூன்று பையன்களுக்குத் தயாரித்த பிரசங்கத்தைப் பேராசிரியர் நூற்றைம்பது பேருக்குச் சொல்ல எழுந்து, தொண்டையைச் செருமினார். நெட்டை எழுந்து நின்றான்.

"சார், மன்னிச்சுக்கோங்க. தூக்க வச்சது அண்ணன். அவரே பேசட்டும்."

பெஞ்சுகளைத் தட்டி ஆமோதித்தார்கள். பேராசிரியர் பெரிய மனிதர். தன் குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ரெண்டுமூட்டை சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்தார். மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று.

"எனக்குப் பேச வராது தம்பிகளா. மூட்டை தூக்க வரும். அதைப் பத்திச் சொல்றேன். தூக்குறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. நீங்க குனிஞ்சாப் போதும், ஏத்திவிட நாலு பேர் வருவான். இறக்குறதுதான் கஷ்டம். முதுகுல நூறு கிலோ இருக்கறப்ப தனியா இறக்க முடியாது. கீழ போட்டா மூட்டை கிழியும். போடாம நின்னா முதுகு போகும். பின்னாடி ஒருத்தர் வந்து புடிக்கணும்."

யாரும் இருமவில்லை. அவர் தொடர்ந்து, எங்கும் எவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எங்க அப்பா செத்த சேதி வந்தப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. பலகையில பாதி ஏறியிருந்தேன். கீழ நின்னு சொன்னாங்க. நான் இறங்கல. ஏறிப்போய் அடுக்கிட்டு, மீதி நாப்பது மூட்டையையும் தூக்கிட்டுத்தான் ஊருக்குப் போனேன். அழல. அப்புறமும் அழல. கல்லு மாதிரி ஆளுன்னாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. மூட்டையெல்லாம் இறங்குச்சு, அது மட்டும் இறங்கல. பன்னெண்டு வருஷம் சுமந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரி சபைக்குக் கூட்டிட்டுப் போய்க் கடைசி பெஞ்சுல உக்கார வச்சா. முன்னாடி பாடிட்டு இருந்தாங்க. என்ன பாட்டுன்னுகூடத் தெரியாது. பின்னாடி யாரோ கையக் குடுத்து மெதுவா இறக்குன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். சுவருதான் இருந்துச்சு. அன்னைக்குத்தான் அப்பாவுக்காக அழுதேன்."

அலை ஒன்று வந்து திரும்பியது.

"உங்களையும் வீட்டுல சும்மா அனுப்பியிருக்க மாட்டாங்க. அப்பா ஒண்ணு ஏத்தியிருப்பாரு, மாமா ஒண்ணு, வாத்தியார் ஒண்ணு. ஏத்துனவங்கள்ல யாரும் இறக்க வரமாட்டாங்க. இறக்குறவர் ஒருத்தர் இருக்காரு. அவரைப் பத்தி வேதத்துல எங்க இருக்கு, எந்தப் பக்கம்னு இவங்கள்லாம் காட்டுவாங்க, படிச்சவங்க. எனக்குப் பக்கம் தெரியாது. ஆளைத் தெரியும். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். கை தட்டவில்லை ஒருவரும். நூற்றைம்பது பையன்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதை அந்தக் கடற்கரை அதற்கு முன் கேட்டதில்லை. நெட்டை குனிந்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்த பிறகு அவன் மட்டும் தயங்கி நின்று, நாளைக்கும் பெஞ்சு தூக்க வேண்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி. இங்கயேதான் இருக்கும்."

"அப்ப சும்மா வரலாமாண்ணே?"

"சும்மா வாங்க. ஆறு மணிக்கு வாங்க."

மறுநாள் பதினோராம் நாள். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நெட்டையோடு நாற்பத்து மூன்று பேர் தலைவாரி நின்றார்கள். உள்ளே கமிட்டி உட்கார்ந்திருந்தது. கமிட்டித் தலைவர் பட்டியலை விரித்து, ஒவ்வோர் ஊழியருக்கும் எத்தனை மாணவர் என்று கேட்டார். ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று, மூன்று பேருக்கு ஒருவரும் இல்லை. ரெண்டுமூட்டையின் பெயர் வந்ததும் பேராசிரியரே எழுந்தார். பத்து நாள் கெடு வைத்தது தான்தான் என்றும், நாலு பேர் கேட்டேன் என்றும் ஒளிக்காமல் சொன்னார். வாசலைக் காட்டினார்.

கமிட்டித் தலைவர் ஜன்னல் வழியே எண்ணிப் பார்த்தார், நம்பாமல் இரண்டாம் தடவையும் எண்ணினார். பெயரை அடிக்கிற பேச்சே எழவில்லை. ஆனால் ஒரே ஆள் நாற்பத்து மூன்று பேரை எப்படிப் பார்ப்பார் என்று கவலைப்பட்டார்.

"நான் எதுக்குப் பாக்கணும் ஐயா? பிரிச்சுக் குடுத்துடறேன். செட்டுல தினமும் பண்றதுதானே" என்றார் ரெண்டுமூட்டை.

வாசல் படியில் ஏறி நின்றார். பட்டதாரிகள் பதினொரு பேரும் கீழே வரிசையில் நின்றார்கள். ஒரு பார்வையில் ஆளை அளந்து, யாரால் எவ்வளவு தாங்கும் என்று சொல்வதில் அவரை அடிக்க அன்றைக்கும் ஆள் இல்லை, பிறகும் இல்லை. அக்காவுக்கு ஆறு பேர். தங்கச்சி தாங்கும் என்றார். ஒன்பது பேருக்கு மூன்று மூன்றாகப் பிரித்து, அந்த ஒன்பதில் ஒருவருக்கு மட்டும் நான்கு கொடுத்தார். தனக்கென்று நாலு பேரை ஒதுக்கிக்கொண்டார்; நெட்டையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. யாரும் முறைத்துக்கொள்ளவில்லை, முகம் சுளிக்கவில்லை. கையில் வேதப் புத்தகத்தோடு வரிசைக் கடைசியில் நின்றவர் பேராசிரியர்.

"எனக்கு எத்தனை பேர்?"

"உங்களுக்கு அஞ்சு ஐயா."

"இன்னும் ரெண்டு பேர் குடுக்கலாமே. எனக்கு அனுபவம் இருக்கு."

ரெண்டுமூட்டை பேராசிரியரைத் தலையில் இருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"மொதல்ல இந்த அஞ்சு பேரையும் சேதாரம் இல்லாமக் கொண்டு போங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

பேராசிரியர், சரிங்க மேஸ்திரி என்று சொல்லி, ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வேப்பமரத்து நிழலுக்குப் போனார்.